கார் போச்சு, பேர் போகலையே!

குயிலாப்பாளையத்தில் பழைய காரை விற்க பெரிய விளம்பரமெல்லாம் வேண்டாம். கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஒரு தாளையும் போன் நம்பரையும் ஒட்டி, ஆரோவில் போகும் ரோட்டோரம் நிறுத்தினால் போதும். டீ குடிக்க வந்தவர்கூட டயரை ஒரு உதை உதைத்துவிட்டு "கடைசியா என்ன விலைங்க?" என்று கேட்காமல் போகமாட்டார்.

புரோக்கர் இல்லை, கமிஷன் இல்லை. பணம் வந்தது, சாவி போனது, வேலை முடிந்தது என்று விற்றவர் நிம்மதியாகிவிடுகிறார். ஆனால் விற்றது வண்டியை மட்டும்தான். ஆர்.சி. புக்கில் பெயர் இன்னும் அவருடையதுதானே?

"பேர் அப்புறமா மாத்திக்கறேன் சார், ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க." இதைக் கேட்காத விற்பனையாளர் அபூர்வம். அந்த ஃபாரங்கள் 29, 30. தேதியும் வாங்குபவர் பெயரும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால், வண்டி நாலு கை மாறினாலும் அதே காகிதம் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். வாங்குபவருக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. தன் பெயர் ஏறாமலே அடுத்தவருக்குத் தள்ளிவிட்டால் 'செகண்ட் ஓனர்', 'தேர்ட் ஓனர்' என்று விலை இறங்காது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் விற்றவர் செலவில்!

பெயர் மாற்றுவது வாங்கியவர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 50வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள்.

தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும்? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. 2007லேயே காரை விற்றுவிட்டதாகச் சொன்னார் ஒருவர். அதன்பிறகு அது பல கை மாறி, 2009ல் விபத்தில் ஒரு உயிர் போனது. பதிவில் யார் பெயரோ அவரே ஓனர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் கம்பெனி தாங்கும். புது ஆள் புதுப்பிக்காமல் விட்டிருந்தால்? வண்டியைக் கண்ணால் பார்த்தே பல வருடமான மனிதருக்கு கோர்ட் நோட்டீஸ் வரும்.

இதைவிடப் பயங்கரம், வண்டி குற்றத்தில் சிக்குவது. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள், கோவை உக்கடத்தில் கோயில் முன்பாக வெடித்தது ஒரு பழைய மாருதி 800. அது பல கை மாறிய கார். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று முன்னாள் ஓனர்களை ஒவ்வொருவராகப் போலீஸ் தேடிப் போனது. எந்தப் பாவமும் அறியாதவருக்கு அந்த ஒரு நாள் எப்படி இருந்திருக்கும்!

குயிலாப்பாளையத்துக்கு இன்னொரு தனிச் சிக்கல். ஊர் விழுப்புரம் மாவட்டம், வண்டி நம்பர் டி.என். 16 (திண்டிவனம்) அல்லது டி.என். 32 (விழுப்புரம்) என்று இருக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர் புதுச்சேரி. அங்கிருந்து ஒருவர் வாங்க வந்தால், ஸ்கூட்டரில் போய்வரும் தூரம்தான் என்றாலும், சட்டப்படி அது வேறு ஆட்சிப்பகுதி. அங்கே பி.ஒய். நம்பர் வாங்க, இந்தப் பக்க ஆர்.டி.ஓ.விடம் ஃபாரம் 28 போட்டு என்.ஓ.சி. எடுக்க வேண்டும். என்.ஓ.சி.யை வாங்கிக்கொண்டு போனவர் அதை டேஷ்போர்டிலேயே வைத்துவிட்டால், பெயர் மாறாமல் அப்படியேதான் நிற்கும்.

ஆகவே வாங்குபவரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூடவே அழைத்துப் போவது உத்தமம். முடியாவிட்டால் தேதி மட்டுமல்ல, எத்தனை மணிக்கு ஒப்படைத்தார் என்றும் எழுதிய டெலிவரி நோட்டும் அடையாளச் சான்று நகலும் வாங்கிக்கொண்டு, ஒரு தொகையைப் பெயர் மாறும்வரை நிறுத்தி வைக்கலாம். முகத்தாட்சண்யம் பார்க்கிற இடம் இதுவல்ல. கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேகைக் கிழித்துவிட்டு, அதன் கணக்கையும் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் புது ஓனர் மொரட்டாண்டி டோல்கேட்டைத் தாண்டும்போதெல்லாம் பழைய ஓனர் பணம் போகும். இன்சூரன்சில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, விற்றவருக்கே சொந்தம். கேட்டு வாங்கினால் அடுத்த காருக்கு உதவும்.

பிறகு மாதம் ஒருமுறை பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். ஓனர் பெயரை முழுசாகக் காட்டாது, நடுவில் நட்சத்திரக் குறிகள் இருக்கும். முதல் எழுத்து வேறாக இருந்தாலே அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும்.