ஒற்றைச் சான்றும் ஒரு சிறு பறவையும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலருக்கென நாம் எழுதிக் கொடுத்த கட்டுரையில், கொலம்பிய நாட்டு மலைகளிலிருந்து அடியோடு மறைந்துபோன ஒரு பறவைக்காக இரங்கியிருந்தோம். மனிதனின் ஆடம்பர வேட்கைக்கு இரையான உயிர் என்றும், இனிக் கியாமத் நாள் வரை அதன் சிறகொலி இவ்வுலகில் கேளாது என்றும் உணர்ச்சி மேலிட எழுதிய நினைவு. படித்த அன்பர் சிலர் மனம் நெகிழ்ந்து கடிதமும் விடுத்திருந்தனர். அந்தக் கட்டுரையை இப்போது நாமே திரும்பப் பெற வேண்டியவர்களாயிருக்கிறோம். அப்படியோர் இனம் தனியே இருந்ததே இல்லை என்பது இன்று ஆய்வாளர் கண்டிருக்கும் முடிவு.

ஹம்மிங் பறவை என்று ஆங்கிலேயர் அழைக்கும் ரீங்காரச் சிட்டைப் பற்றியது இச்செய்தி. நம் வீட்டுச் செம்பருத்தியில் வந்து தேனுண்ணும் தேன்சிட்டு வேறு. அதற்கும் இதற்கும் உறவில்லை. ரீங்காரச் சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. சிறகை அத்தனை விரைவாக அடித்து அந்தரத்தில் நின்றபடியே மலரில் தேனருந்தும். 350க்கும் மேற்பட்ட இனங்களை அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். அவற்றின் கழுத்திலும் நெற்றியிலும் மின்னும் வண்ணங்களே அவற்றுக்கு எமனாகவும் வாய்த்தன. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளை அலங்கரிக்க அச்சிறு பறவைகளின் தோல்கள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. ஆண்டீஸ் மலைகளில் வேட்டையாடப்பட்டவை பொகோட்டா நகரத்துச் சந்தையில் வந்து குவியும். எந்த மலையில், எந்த உயரத்தில், எந்த நாளில் பிடிபட்டது என்ற குறிப்பு எதுவும் இராது. விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கு அது தேவையுமில்லை.

அத்தகைய தோல் ஒன்றை 1909ஆம் ஆண்டில் நிசெஃபோரோ மரியா என்னும் கிறித்தவத் துறவி பொகோட்டாவில் விலைக்கு வாங்கினார். அவர் இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபாடுடையவர். கருநீலம் படர்ந்த உடலும் பிளவுண்ட நீண்ட வாலும் கொண்ட அதைப்போல் இன்னொன்றை எவரும் கண்டதில்லை. பின்னாளில் அது பிலடெல்ஃபியா நகரத்து இயற்கை அறிவியல் கழகத்தின் இழுப்பறையைச் சென்றடைந்தது. உலகிலேயே ஒற்றைச் சான்று.

ஒற்றைச் சான்று என்றதும் ஹதீஸ் கலை பயின்றோர்க்கு ஒரு சொல் நினைவுக்கு வரும். அறிவிப்பாளர் தொடரின் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஒருவர் மட்டுமே அறிவிப்பதைக் ‘கரீப்’ என்பர். ஒருவர் மட்டும் சொன்னார் என்பதற்காக அது தள்ளப்படுவதில்லை. ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே இவ்வகையினது. உமர் (ரலி) அவர்களிடமிருந்து அல்கமா, அவரிடமிருந்து முஹம்மது பின் இப்ராஹீம், அவரிடமிருந்து யஹ்யா பின் ஸயீத் என ஒற்றை இழையாக வந்து, அதன்பின்னரே பலரிடம் பரவியது. அதை ஏற்றுக்கொள்ளக் காரணம், அவ்வொருவர் யார், எங்கு வாழ்ந்தார், யாரிடம் கேட்டார் என்பதெல்லாம் துருவித் துருவி ஆராயப்பட்டிருந்ததுதான். பொகோட்டாத் தோலின் நிலையோ வேறு. துறவிக்கு விற்றவன் யார்? அவனுக்குக் கொடுத்த வேடன் யார்? எல்லாரும் ‘மஜ்ஹூல்’, அறியப்படாதவர்கள்.

எனினும் 1993இல் கேரி கிரேவ்ஸ் என்னும் அமெரிக்கப் பறவையியல் அறிஞர் அதை ஆராய்ந்து, புதிய இனமென அறிவித்தார். ரீங்காரச் சிட்டுகளின் கலப்பினங்களைப் பிரித்தறிவதில் தேர்ந்தவர் அவர். தனி இனம் என்று முன்னோர் பெயரிட்டு வைத்திருந்த பலவற்றைக் கலப்பென்று காட்டியவர். அப்படிப்பட்டவரே, எந்த இரு இனங்கள் கூடினாலும் இந்தத் தோற்றம் வராது என்று கருதினார். ரிச்சர்ட் சூசி என்ற அறிஞரின் நினைவாக ஹீலியாஞ்செலஸ் சூசி எனப் பெயரும் சூட்டினார். பொகோட்டா சன்ஏஞ்சல் என்பது அதன் பொதுப்பெயர். ஐயங்கள் எழாமலில்லை. 2010இல் வேறொரு சான்று வந்தது. நூறாண்டுத் தோலிலிருந்து மரபணு இழைகளை எடுத்து, உறவினப் பறவைகளுடன் ஒப்பிட்டுப் பார்த்த குழுவினர், இது எவற்றோடும் ஒட்டாத தனிக்கிளை, அழிந்துபோயிருக்கக்கூடிய உண்மையான இனம் என்று எழுதினர். மரபணுவே சொன்னபின் வேறென்ன வேண்டும் என்றுதான் நாமும் பேனாவை எடுத்தோம்.

2018இல் முடிவு தலைகீழானது. மரபணு பொய் சொல்லவில்லை, கருவியும் பழுதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அழைக்கப்பட்ட சாட்சிகளில் ஒருவர் விடுபட்டிருந்தார். வெனிசுவேலாவிலிருந்து பொலிவியா வரை ஆண்டீஸ் நெடுகிலும் வாழும் நீள்வால் சில்ஃப் என்ற ரீங்காரச் சிட்டுக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்ட வகைகள் உண்டு. அவற்றுள் கொலம்பியாவின் கிழக்கு மலைத்தொடரில் வாழும் வகை முதல் ஆய்வில் இடம்பெறவில்லை. பொகோட்டா நகரமே அந்த மலைத்தொடரின் மேல்தான் அமைந்திருக்கிறது! அண்டை வீட்டாரைக் கேட்காமல் அயலூராரை விசாரித்துத் தீர்ப்பெழுதிய கதையாயிற்று. விடுபட்டதைச் சேர்த்துப் பார்த்தபோது, மறைந்த இனத்தின் இழை அந்தக் கிழக்கு மலைச் சிட்டின் இழையோடு சேர்ந்துகொண்டது. ஆக, அந்தத் தோல் கலப்பில் பிறந்ததாக இருக்கலாம். இல்லையேல் கருமை மிகுந்து பிறந்த ஒரு நீள்வால் சிட்டாக இருக்கலாம். நம்மைப் பெரிதும் கவர்ந்தது மற்றொன்று. 2010இல் தனி இனமென்று எழுதியவர்களுள் ஒருவரான கிறிஸ்டோபர் விட், அதை மறுத்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் ஆசிரியர்களுள் ஒருவராகக் கையெழுத்திட்டிருக்கிறார். தன் சாட்சியத்தைத் தானே திருத்திக்கொள்ளும் நெஞ்சுரம் எளிதில் வாய்ப்பதன்று.

இப்பறவைகளிடம் கலப்பு நேர்வதற்குக் காரணமுண்டு. ஆணும் பெண்ணும் இணைந்து குடும்பம் நடத்தும் வழக்கம் அவற்றிடம் இல்லை. கூடு கட்டுவதும் குஞ்சு வளர்ப்பதும் பெண்ணின் தனிப்பொறுப்பு. ஆணுடன் சந்திப்பு கணநேரமே. ஆள் மாறிப்போக வாய்ப்பு மிகுதி. பிறக்கும் பிள்ளையின் நிறமும் பெற்றோர் நிறங்களின் கலவையாக அமைவதில்லை. சாயத்தால் வரும் நிறமாயிருந்தால் கலந்து பார்த்துக் கணிக்கலாம். இறகினுள் அடுக்கடுக்காய் அமைந்த நுண்தட்டுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிற மினுக்கு இது. பெரு நாட்டின் கார்டில்லேரா அசுல் பகுதியில் பொன்னிறக் கழுத்துடைய ரீங்காரச் சிட்டு ஒன்று கிடைத்து, புதிய இனமோ என்று எண்ண வைத்தது. 2023இல் வெளியான ஆய்வில் அதன் பெற்றோர் இரு வேறு இனங்கள் என்று தெளிவாயிற்று. இரண்டுக்கும் கழுத்து இளஞ்சிவப்பு, பிள்ளைக்கோ பொன். கண்ணால் கண்டு தீர்ப்பளிக்கும் துறையில் கண்ணே ஏமாற்றினால் என்செய்வது!

கலப்பென்று சொல்வதிலும் ஏமாற்றம் உண்டு. ஒட்டகச்சிவிங்கியைப் பெர்சிய மொழியில் ஒட்டகம், பசு, சிறுத்தை என்ற மூன்று சொற்களைக் கோத்து அழைத்தனர்; அப்பெயரையே சான்றாகக்கொண்டு, பல விலங்குகள் கூடிப் பிறந்த பிராணி அதுவென்று அக்காலத்தில் கதைத்தோர் உண்டு. ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸ்ரா அறிஞர் அல்-ஜாஹிழ், தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில் அக்கதையை எடுத்துரைத்து, ஏற்க மறுத்தார். அறியாத ஒன்றைக் கலப்பு என்று தள்ளுவது எளிது. இன்றைக்கு அது வெறும் ஏட்டுத் தவறாக நின்றுவிடாது. உண்மையான தனி இனமொன்றைக் கலப்பென்று எழுதிவிட்டால் அதன் காட்டைக் காக்க ஒருவரும் வரார். இல்லாத இனத்தைத் தேடி மலை மலையாக அலைந்தால், இருக்கும் இனங்களுக்குச் செலவிட வேண்டிய பொருளும் காலமும் பாழ். இரண்டில் முன்னதே கொடிது என்பது நம் எண்ணம்; அதனால் கிரேவ்ஸின் மீது நமக்குக் குறையில்லை. ஐயத்துக்கிடமான உயிருக்கு ஐயத்தின் பயனை அளித்தவர் அவர். குறை நம்மீதுதான். ‘அழிந்திருக்கக்கூடிய’ என்று அவர்கள் எழுதியதை நாம் ‘அழிந்துபோன’ என்று எழுதினோம். அழகுக்காக ஒரு சொல்லைக் குறைத்தோம்.

அந்தக் கட்டுரையைப் பள்ளி விழாவில் மனப்பாடமாய் ஒப்புவித்துப் பாராட்டுப் பெற்றவள் நம் பேத்தி. அவளிடம்தான் முதலில் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “உம்மா யாருன்னு தெரிஞ்சுபோச்சு, வாப்பா யாரு நன்னா?” என்றாள். ஆராயப்பட்ட இழை தாய்வழியாக மட்டுமே வருவது, தந்தையைப் பற்றி அது எதுவும் சொல்லாது என்று விளக்கினோம். தந்தை வேறு இனமாகவும் இருக்கலாம். அதே இனமாகவே இருந்து, பிள்ளை மட்டும் கறுத்துப் பிறந்திருக்கவும் கூடும். அவள் உள்ளே போய் மலரை எடுத்து வந்தாள். தலைப்பிலிருந்த ‘மறைந்த’ என்ற சொல்லைப் பென்சிலால் அடித்துவிட்டு, இதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று கேட்டாள். அந்த இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.