நாலாயிரத்துல கை வைக்காதே!

கோடம்பாக்கத்தில் வீட்டுக் கொல்லையில் 1989-ல் 'பஞ்சதன்' ஸ்டுடியோவை ஆரம்பித்தார் ஏ.ஆர்.ரஹ்மான். அந்தத் தைரியத்தில் செங்கல்பட்டில் எங்க வீட்டு மாடி ரூமில் நானும் ஒண்ணு ஆரம்பித்தேன். லேப்டாப், மைக், சுவரில் பழைய மெத்தை. அவ்ளோதான் பாஸ்!

கூடவே ஒரு 'பெருசு'ம் உண்டு. அப்பாவின் கிராஃபிக் ஈக்வலைசர். 19 இன்ச் ரேக்கில் ஸ்க்ரூ போட்டு மாட்டுகிற இரும்புப் பெட்டி. முகத்தில் வரிசையாக 31 ஸ்லைடர்கள், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை. எதை ஏத்துகிறோமோ, சத்தத்தில் அந்தப் பகுதி மட்டும் கூடும். கல்யாணம், ஆடி மாசக் கூழ் என்று 25 வருஷம் மைக் செட் போட்டவர் அப்பா. மைக் 'கூ...'ன்னு ஊளையிட்டா எந்த ஸ்லைடரை இறக்கணும்னு அவருக்கு மனப்பாடம்.

பரணில் கிடந்த பெட்டியை இறக்கினேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய கிளீனரை ஸ்லைடர்களுக்குள் அடித்து மேலும் கீழும் ஓட்டியதும் கரகரப்பு போச்சு. காய்ந்துபோன கன்டென்சர்களை மாற்றியதும் 'உம்ம்...' இரைச்சலும் அடங்கியது.

ஒரே தகராறு, செட்டிங். 3150, 4000, 5000 மூன்றையும் உச்சியில் ஏத்தி வைப்பார் அப்பா. நான் இறக்குவேன். மறுநாள் மறுபடி ஏறியிருக்கும்.

"நாலாயிரத்துல கை வைக்காதடா!"

"காதை அறுக்குதுப்பா. உங்க காலத்து டேஸ்ட்டே இப்படித்தானா?"

போன மாசியில் நண்பனோட குறும்படத்துக்காக மாமல்லபுரம் போனேன். கடற்கரைக் கோயில் பக்கம் அலைச் சத்தம், சிற்பக் கூடத்தில் கருங்கல் மேல் உளிச் சத்தம் ரெண்டையும் பதிவு செய்தேன். ராத்திரி ஸ்லைடர்களையெல்லாம் நடுவில் வைத்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டார். "கடல் நல்லா வந்திருக்கு. உளி எப்ப வரும்?"

எனக்கு 'ணங்... ணங்'னு மண்டையிலேயே இறங்கிக்கிட்டிருக்கு!

"இப்ப அடிக்குதேப்பா..."

"மரத்தைத் தட்டற மாதிரி 'டொக்கு'ன்னு ஏதோ கேக்குது. அதுவா?"

எழுந்து அந்த மூன்று ஸ்லைடர்களையும் மேலே தள்ளினார். நான் காதைப் பொத்தினேன். அவர் முகம் மலர்ந்தது. "இதான்டா உளி!"

டேஸ்ட் இல்லை பாஸ். காது!

மறுவாரம் ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட். ஆடியோகிராம் தாளில் ஒழுங்காக வந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்தது. அப்பா ஏத்தி வைத்த ஸ்லைடர்களைத் தலைகீழாகப் பார்த்த மாதிரி! பெருஞ்சத்தம் பெரும்பாலும் முதலில் கெடுப்பது அந்த இடத்தைத்தான். உள்காதில் ஒலியைப் பிடிக்கிற நுண்ணிய முடி செல்கள் ஒருமுறை செத்தால் மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. குழாய் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று எங்களுக்கு ஃபீஸ் கட்டியவரைத்தான் 'டேஸ்ட் இல்லை'ன்னு கிண்டல் அடித்திருக்கிறேன்.

85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்றால், 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான் கணக்கு. அப்பாவுக்கு அது பொழப்பு. பஸ் இரைச்சலை அமுக்க இயர்போனை ஃபுல்லில் வைக்கிற நமக்கு?

இப்போ அப்பா காதில் மெஷின். எந்தப் பகுதியை எவ்வளவு ஏத்தணும்னு கம்ப்யூட்டரில் செட் பண்ணினார்கள். அதுவும் ஒரு குட்டி ஈக்வலைசர்தான். அப்பா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "நாலாயிரத்தை இன்னும் கொஞ்சம் ஏத்துங்க சார்!"

ராத்திரி மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு பாட்டு கேட்க மாடிக்கு வருவார். நான் மிக்ஸ் பண்ணும்போது ஈக்வலைசரின் பைபாஸ் ஸ்விட்சை மட்டும் அமுக்கிக்கொள்கிறேன். அந்த மூன்று ஸ்லைடர்களும் உச்சியிலேயே இருக்கின்றன. நான் கை வைப்பதில்லை.