கறுப்பு ஒயர்களுக்கு நடுவே ஒரு வெள்ளை ஒயர்

கார் அலாரம் மாட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். வேறொருவர் மாட்டியதைக் கழற்றத் தெரிந்தவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் அப்படி ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். லைன் வீடுகளை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஓர் அம்பாசிடர் மார்க் 4, பேனட் திறந்து நின்றது.

மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவருடைய அப்பா இங்கிருந்த தங்கச் சுரங்கத்தில் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர். சிவனசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் இது. பெங்களூருக்கு வெளிச்சம் வந்ததே அதற்குப் பிறகுதான்.

கார் முன்பு ஒரு சுரங்க அதிகாரியுடையது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டதும் கைமாறியது. இப்போதைய சொந்தக்காரர், இங்கே பல பேரைப் போல, தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். மாதம் ஒருமுறை காரை எடுக்கும்போதெல்லாம் பேட்டரி இறங்கிக் கிடக்கும். மாஸ்டர் மீட்டர் வைத்தார். சாவியை எடுத்த பிறகும் 30 மில்லிஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. மாதம் முழுக்க இப்படிப் போனால் 20 ஆம்பியர்-அவருக்கு மேல். பழைய பேட்டரி தாங்காது.

அலாரம் தொண்ணூறுகளில் மாட்டியது, ஷாக் சென்ஸாரோடு. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கத்துக்கு மேலே, அதுவும் ‘ராக் பர்ஸ்ட்’டுக்குப் பேர்போன ஊரில்! உள்ளே பாறை அழுத்தம் தாங்காமல் நொறுங்கும்போது மேலே வீடு அதிரும். “பாத்திரம் உருளும், அடுத்த நொடி இது கத்தும் சார். திருடனுக்காகக் கத்தினதா எனக்கு ஞாபகமே இல்ல” என்றார். பாறை அதிர்வை ஆராய 1988-ல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனத்தைத் தங்கவயலில் தொடங்கினார்கள். அந்த அதிகாரியின் அம்பாசிடரும் தன் பங்குக்குப் பதிவு செய்திருக்கிறது.

முதலில் சைரன். அதற்குள் தனி பேட்டரி உண்டு. கார் பேட்டரியைத் துண்டித்தால் திருட்டு என்று எடுத்துக்கொண்டு அலறும். அணைக்கும் சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. நாலு திருகைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே செல் கசிந்து பச்சை பூத்திருந்தது. கத்தவில்லை.

உதவிக்கு நின்ற பையன் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கிய பெட்டியைப் பிடித்து இழுக்கப் போனான்.

“டேய், கை வைக்காத. அவன் எங்க வெட்டினான்னு தெரியாம புடுங்கினா வண்டி செத்துடும்.”

‘அவன்’ என்பது முதலில் அலாரம் மாட்டிய, இவர் பார்த்தே இராத மெக்கானிக். இந்த வேலையே அந்த ஆளின் கையைப் படிப்பதுதான். அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்தது. ஒயர்களும் லூகாஸ் நிறக் கணக்கில் போகும். இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போவது வெள்ளை, எர்த் கறுப்பு. ஆனால் அலாரத்தோடு வந்த ஒயர் அத்தனையும் கறுப்பு. திருடனைக் குழப்பச் செய்த ஏற்பாட்டில் மாட்டிக்கொண்டு முழிப்பது பின்னால் வரும் எலக்ட்ரீஷியன்.

மாஸ்டர் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒயர்க் கட்டின் மேல் விரலால் தடவிக்கொண்டே போனார். ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் கட்டு தடித்தது, டேப்பும் பிசுபிசுத்தது. பிரித்தால், வெள்ளை ஒயர் வெட்டுப்பட்டு ஒரு ரிலேயின் 30, 87 கால்களுக்குப் போயிருந்தது. 87a-வில் கொடுத்திருந்தால் பெட்டியைக் கழற்றினாலும் கரண்ட் பாயும். 87 என்பதால் பெட்டி உத்தரவு கொடுத்தால்தான் காயிலுக்கு உயிர்.

“இடத்தை நல்லா மறைச்சிருக்கான். ஜாயிண்ட்லதான் சோம்பேறித்தனம்.”

ஈயம் வைக்காமல் வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தது. காயில் மூன்று நான்கு ஆம்பியர் இழுக்கும்; லூஸ் முறுக்கில் அது சூடாகும். ஒயரின் மேல்தோல் பழுப்பேறிவிட்டது. அலாரம் போட்ட காரில் தீப்பிடிக்கும் வாய்ப்பையும் சேர்த்தே மாட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

செம்பு மினுங்கும்வரை இரு முனையையும் வெட்டினார். நீளம் போதாமல் அதே தடிமனில் ஒரு வெள்ளைத் துண்டு. முதலில் ஸ்லீவைக் கோத்தார், பிறகு முறுக்கு, ஈயம், கடைசியில் ஸ்லீவை அதன் மேல் இழுத்துவிட்டார். இண்டிகேட்டருக்குப் போகும் பச்சை-சிவப்பு, பச்சை-வெள்ளை ஒயர்கள் வெட்டுப்படவில்லை, தோல் சீவியிருந்தது. அதை மூடினால் போதும். செல்ஃப் அடித்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு மீட்டர் பார்த்தார்: பூஜ்யம்.

“புது அலாரம் ஒண்ணு போடலாமா அண்ணா?” என்றார் சொந்தக்காரர்.

“ஸ்டியரிங்ல இருக்கற கியரைப் போடத் தெரிஞ்ச திருடன் இப்ப எங்க தம்பி இருக்கான்?”

சொன்னாரே தவிர, பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். பெட்டியும் சைரனும் குப்பைக்கு. ரிலே மட்டும் நன்றாக இருந்ததால், எந்த வண்டி ஹாரனுக்காவது ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டார்.