தேநீர் நிறத்து நீர்

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியொன்றில் நான் பணியாற்றிய காலம். வகுப்பில் வாய் திறவாத மாணவன் ஒருவன் ஒருநாள் காலந்தாழ்த்தி வந்தான். கையில் ஒரு கண்ணாடிப் புட்டி. அதனுள் செம்பு நிற உடலில் முக்கோணக் கருந்திட்டுத் தாங்கிய ஆறு சிறு மீன்கள். அவனைக் கடிந்துகொண்டு புட்டியை வாங்கி வைத்தேன். நீர் பழுப்பாய் இருக்கக் கண்டு, அழுக்கென எண்ணிக் கொட்டிவிட்டுக் குழாய் நீரை நிரப்பினேன். மறுநாள் காலை ஆறும் செத்து மிதந்தன.

"அது அழுக்கில்லீங்க ஐயா, எலை ஊறின தண்ணி. அதுலதான் இந்த மீனு உயிரோட இருக்கும்" என்றான் அவன். அக்குரலில் சினமில்லை, அதுவே என்னைச் சுட்டது.

பின்னரே நூல்களைப் புரட்டினேன். உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளை அணிசெய்யும் ஹார்லிகுவின் ராஸ்போரா அது. தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர், சுமத்திரா ஆகியன அதன் தாயகங்களுள் அடங்கும். 1904ஆம் ஆண்டில் டுங்க்கர் என்னும் செருமானிய அறிஞர் அதனை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். சதுப்புக்காட்டில் உதிர்ந்த இலைகள் ஊறித் தேநீர் நிறங்கொண்ட, அமிலத்தன்மையுள்ள மென்னீரே அதன் இல்லம். நீர்ச்செடி இலையின் அடிப்புறத்தில், வயிற்றை மேல்நோக்கித் திருப்பி, முட்டைகளை ஒட்டவைக்கும். குழாய் நீரில் கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரினோ மீனின் செவுள்களுக்கு நஞ்சு.

மறுவாரம் அறிவியல் பாடத்தை அவனையே நடத்தச் சொன்னேன். வாய் திறவாதவன் அரைமணி நேரம் பேசினான்.

அத்தகைய சதுப்புக்காடுகள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். ஆயினும், அந்த நாளுக்குப் பின் மௌனமாய் அமர்ந்திருந்த எந்தப் பிள்ளையையும், அவன் எந்த நீரில் வளர்ந்தவன் என்று அறியாமல் நான் கடிந்துகொண்டதில்லை.