ஒரு கதை, ஐந்து வகுப்பு

அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். வகுப்பு ஐந்தாயிற்றே என்ற கவலை அதற்கில்லை. ஒருவர் அருப்புக்கோட்டை அலுவலகத்துக்குப் போய்விட்டால் ஐந்தும் மற்றவர் தலையில். திருச்சுழிப் பக்கம் சபை நடத்தும் உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் என் பணிக்காலம் இப்படித்தான் ஓடியது.

1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன், பிறகு மண்டபசாலையில் தளம் அமைத்து இந்த வறண்ட சீமையில் வேலை செய்தது. அந்தக் காலத்து ஊர்ப் பள்ளிகளில் வாத்தியாரும் உபதேசியாரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். திருச்சுழியில் பிறந்த ரமணர்கூட மதுரையில் அந்த மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 1896-இல் படிப்பை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். மிஷன் இதை எதிர்பார்த்திருக்காது!

எங்கள் பிள்ளைகளில் சபைக் குடும்பத்தார் குறைவு. ஆனாலும் காலை ஜெபம் முடிந்ததும் ஒரு வேதக் கதை உண்டு. அதைத்தான் நான் பாடமாக்கினேன். பஞ்ச காலத்தில் எலியா மழைக்குக் காத்திருக்கிறார்; கடலிலிருந்து உள்ளங்கை அளவு மேகம் எழும்புகிறது. ஐப்பசியில் வானம் பார்த்து நிற்கும் கரிசல் வீட்டுப் பிள்ளைக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. “எந்தப் பக்கத்து மேகம் சார்?” என்ற கேள்விதான் வரும். அவருக்குக் கடல் மேற்கே, நமக்குக் கிழக்கே என்று தரையில் சாக்பீஸால் வரைவேன். மூன்றுக்கும் நான்குக்கும் திசைப் பாடம் ஆயிற்று. ஐந்தாம் வகுப்பு வடகிழக்குப் பருவமழையை எழுதத் தொடங்கும். ஒன்றாம் வகுப்போடு நான் தரையில் உட்கார்ந்து ‘மழை’ எழுதுவேன். இரண்டாம் வகுப்புக்கு நாலாம் வகுப்புப் பிள்ளை வாசித்துக் காட்டும். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தபோது எங்களுக்கு அட்டைகள்தான் புதுசு.

பருத்தி எடுக்கும் நாட்களிலும், கரிமூட்டம் போடப் பெற்றோர் வெளியூர் போகும்போதும் வருகைப் பதிவேடு காலியாகும். கதை பிடித்துப்போன பிள்ளை அன்றைக்கும் வரப் பார்க்கும். 2024 ஜூலையிலிருந்து ஊர்ப்புறத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. அது கதையைவிடப் பலமான காரணம்.

தாளாளர்களுக்கு ஒன்று: பணியிடம் காலியானால், நேர்காணலில் சான்றிதழைப் பார்த்த கையோடு ஒரு கதையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.