கூம்பிய கருவிழியும் 18 வாரமும்

கெரட்டோகோனஸ் படிக்கிற வயதில் வரும் நோய். கருவிழி மெலிந்து, முன்பக்கம் கூம்பாகப் பிதுங்கிவிடும். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கி, இருபதுகளில் முற்றி, நாற்பதை நெருங்கும்போது வேகம் அடங்கும். லிவர்பூல் மருத்துவர் ஜான் நாட்டிங்காம் 1854-லேயே இதைப் பற்றித் தனி நூல் எழுதினார். தெற்காசியர்களிடம் இது கூடுதல். இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியை வைத்து 2000-இல் வெளியான ஆய்வில், வெள்ளையரைவிட ஆசியர்களிடம் சுமார் நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. இங்கே இங்கிலாந்துக்கு மேல்படிப்புக்கு வரும் நம் பிள்ளைகள் அறிந்துவைக்க வேண்டிய செய்தி இது.

கண்ணாடி பவர் அடிக்கடி மாறும், சிலிண்டர் ஏறிக்கொண்டே போகும். இரவில் தெருவிளக்குக்கு வால் முளைக்கும். வகுப்பில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால், ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே இரண்டு மூன்று நிழல்கள் தெரியும். சமன்பாட்டில் 3 எது, 8 எது என்று பிரிக்க முடியாது. ஒரு கண்ணை மூடினாலும் நிழல் போகாது, ஏனென்றால் திறந்திருக்கும் ஒரு கண்ணே பல பிம்பங்களைக் காட்டுகிறது.

மூக்குக்கண்ணாடி சீரான வளைவைத்தான் திருத்தும். மேடுபள்ளமான கருவிழிக்கு அது போதாது. கடினமான கான்டாக்ட் லென்ஸ் வைத்தால், லென்ஸின் வழவழப்பான முன்பக்கமே கண்ணின் புது முகப்பாகிவிடும். இடையிலுள்ள பள்ளத்தைக் கண்ணீர் நிரப்பிக்கொள்ளும். 1888-இல் ஜூரிக்கில் அடால்ஃப் ஃபிக்கும் பாரிஸில் யூஜின் கால்ட்டும் முதல் கண்ணாடி லென்ஸ்களைச் செய்து பார்த்தபோதே, இந்த நோய்க்கும் பயன்படுத்தினார்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய சாஃப்ட் லென்ஸ் கருவிழியின் கோணலுக்கே வளைந்துகொடுப்பதால் ஆரம்பநிலை தாண்டியவர்களுக்கு உதவாது.

இன்று முக்கியமாக இரண்டு வகை. ஆர்ஜிபி என்னும் காற்றுப் புகும் கடின லென்ஸ் ஏறக்குறைய 9, 10 மில்லிமீட்டர் அகலத்தில் கருவிழியின் மேலேயே உட்காரும். நியூசிலாந்துக்காரர் பால் ரோஸ் வடிவமைத்த 'ரோஸ் கே' இந்த வகையில் பேர்பெற்றது. ஸ்க்ளீரல் லென்ஸ் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். வெள்ளை விழியில் தங்கி, கருவிழியைத் தொடாமல் தாண்டி நிற்கும். ஆர்ஜிபி உறுத்தித் தாங்காதவர்களுக்கும் கூம்பு முற்றியவர்களுக்கும் இதுதான் வழி.

எந்த வகையானாலும் அளவெடுப்பு ஒரே நாளில் முடியாது. டோபோகிராபியில் கருவிழியின் மேடுபள்ளத்தைப் படமெடுத்து, சோதனை லென்ஸ் ஒன்றை மாட்டி, அரைமணி நேரம் போல் படிய விடுகிறார்கள். பிறகு ஃப்ளோரசீன் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாக ஒளிரும், லென்ஸ் உரசும் இடம் கறுத்துத் தெரியும். அதை வைத்து லென்ஸுக்கு ஆர்டர் கொடுத்து, சில நாள் போட்ட பிறகு மறுபடி பார்த்து, வளைவைத் திருத்தி, இன்னொன்று வரவழைக்க வேண்டும். அதனால்தான் இங்கிலாந்தின் காத்திருப்பு இந்த நோய்க்காரர்களை இவ்வளவு வதைக்கிறது.

இங்கே கண் நிபுணரை நேரே போய்ப் பார்க்கும் வழக்கம் இல்லை. முதலில் கடைத்தெருவில் கண் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட். 18 வயது தாண்டிய மாணவருக்கு அந்தப் பரிசோதனை பொதுவாக இலவசமல்ல. (ஸ்காட்லாந்தில் மட்டும் எல்லாருக்கும் இலவசம்.) அவர் சந்தேகப்பட்டால் தானே கடிதம் எழுதுவார், இல்லையேல் ஜி.பி. என்னும் குடும்ப மருத்துவர் வழியாக அனுப்புவார். ஜி.பி.யிடம் பெயர் பதிந்திருக்க வேண்டும். பரிந்துரை போன நாளிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஏற்றுக்கொண்ட அளவுகோல். நூற்றுக்கு 92 பேருக்காவது அப்படி நடக்க வேண்டும். 2016-க்குப் பிறகு அது எட்டப்படவே இல்லை. இந்த வாரம் சேலத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவருக்கு மருத்துவமனைக் கடிதம் வந்தது. பரிந்துரை போனது அக்டோபரில், கொடுத்திருக்கும் தேதியோ மே மாதம், தேர்வு நடக்கும் வாரம். அந்தத் தேதிக்குப் போகாமல் விட்டால் பல இடங்களில் பெயரை அடித்து ஜி.பி.யிடமே திருப்பிவிடுவார்கள். அதனால் முடியாதென்றால் முன்னதாகவே சொல்லி வேறு தேதி வாங்க வேண்டும். எந்த மருத்துவமனை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இங்கிலாந்தில் நோயாளிக்கு உண்டு. பரிந்துரைக்கும்போதே குறைந்த காத்திருப்பு எங்கே என்று கேட்டு எழுதச் சொல்லலாம், அருகிலுள்ளதற்கே போக வேண்டும் என்பதில்லை.

பணக் கணக்கையும் முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். விசாவோடு மாணவர் கட்டும் சுகாதாரக் கட்டணம் 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 776 பவுண்டு. அதைக் கட்டியதால் மருத்துவர் பார்ப்பதற்குத் தனியாகப் பணமில்லை. லென்ஸுக்கு உண்டு. ஆனால் இங்கிலாந்தில் மருத்துவமனை வழியாகத் தரும் லென்ஸுக்கு, ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசு வைத்த உச்சவரம்பு இருக்கிறது. வெளியே தனியாரிடம் பல நூறு பவுண்டு கேட்கும் ஸ்க்ளீரல் லென்ஸும் அந்த வரம்புக்குள் வருவது பெரிய உதவி. வருமானம் குறைந்த மாணவர் ஹெச்.சி.1 படிவம் போட்டு மேலும் உதவி கேட்கலாம். கையிருப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகும், லென்ஸ் அளவெடுப்பில் நம் ஊர் முறையே மேல். 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த், 1978-இல் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. காலையில் பதிவுச் சீட்டு வாங்கினால் டோபோகிராபி, மருத்துவர், லென்ஸ் பிரிவு என்று ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்துப் போகலாம். வரிசையில் உட்காரத்தான் வேண்டும், ஆனால் மாதக்கணக்கில் அல்ல. கோடை விடுமுறைக்குப் போகும் மாணவர் ஊரில் இறங்கிய முதல் வாரத்திலேயே அளவெடுப்பைத் தொடங்கினால், மறுபரிசோதனையும் திருத்தமும் முடிந்து லென்ஸோடு விமானம் ஏற முடியும். திரும்பும்போது டோபோகிராபிப் பிரதிகள் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்துவர வேண்டும். நோய் முற்றுகிறதா என்பதை இங்குள்ள மருத்துவர் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்.

முற்றுகிறதென்றால் லென்ஸ் மட்டும் போதாது. லென்ஸ் பார்வையைத் தரும், நோயை நிறுத்தாது. நிறுத்துவது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான கிராஸ்லிங்க்கிங். ரைபோஃப்ளேவின் சொட்டுவிட்டு, புற ஊதாக் கதிர் காட்டிக் கருவிழியை இறுக்கும் முறை. வழக்கமான முறையில் மேல்தோலைச் சுரண்டிவிட்டுச் செய்வதால் சில நாள் வலிக்கும், பார்வை தெளியச் சில வாரமாகும். அதுவரை லென்ஸும் போட முடியாது. தேர்வுக்கு முந்தைய மாதத்தில் இதற்குத் தேதி வாங்கக் கூடாது.

ஸ்க்ளீரல் லென்ஸ் மாட்டுவது பழகும்வரை காலை வகுப்புக்கு முன் நேரம் ஒதுக்க வேண்டிய வேலை. மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து, முகம் தரையைப் பார்க்கக் குனிய வேண்டும். ரப்பர் உறிஞ்சியின் நுனியில் லென்ஸைக் கிண்ணம்போல் நிறுத்தி, பதப்படுத்தி கலக்காத உப்புநீரை விளிம்பு தளும்ப விட்டு, இமைகளை விரித்து, கீழிருந்து மேலாக ஏற்ற வேண்டும். ஒரு குமிழி உள்ளே மாட்டினாலும் பார்வையில் பெரிய வட்டம் நிற்கும், கழற்றி மறுபடி நிரப்பத்தான் வேண்டும். குழாய்த் தண்ணீர் எந்த லென்ஸிலும் படவே கூடாது. அதிலிருக்கும் அகாந்தமீபா பார்வையையே பறித்துவிடும். கணினித் திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறையும், குளிர்கால ஹீட்டர் காற்றும் கண்ணை உலர்த்தும். அதனால் நூலகத்தில் இடையிடையே கண்ணை மூடி ஓய்வு கொடுப்பது நல்லது. அரிக்கிறதென்று கசக்குவது கூம்பை மேலும் கெடுக்கும்.

லென்ஸ் வரும்வரை படிப்பு நிற்க வேண்டியதில்லை. 2010-இன் சமத்துவச் சட்டப்படி, குறையுள்ள மாணவருக்கு நியாயமான மாற்றங்களைச் செய்துதர இங்குள்ள பல்கலைக்கழகம் கடமைப்பட்டது. வெளிநாட்டு மாணவருக்கும் இது பொருந்தும். பெரிய எழுத்துக் கேள்வித்தாள், கூடுதல் நேரம், வகுப்புக்கு முன்பே ஸ்லைடுகள் என்று கேட்கலாம். நோயை உறுதிப்படுத்தும் கடிதம் வேண்டும், பொதுவாக அதை மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவில் கொடுக்க வேண்டும். தேர்வு ஏற்பாடுகளுக்கு அவர்கள் வைக்கும் கடைசித் தேதி பெரும்பாலும் தேர்வுக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும். ஆகவே மருத்துவமனைத் தேதிக்குக் காத்திருக்காமல், ஆப்டோமெட்ரிஸ்ட் சந்தேகம் எழுப்பிய அன்றே அந்தக் கடிதத்தை அவரிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும்.