சந்தேகம் யார் மேல் விழுகிறது?

குற்றவியல் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னதும், "போலீஸ் வேலைக்கா?" என்றாள் உன் அம்மா. "வக்கீலாகத்தான் இருக்கும்" என்றான் உன் சித்தப்பா. இரண்டும் இல்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் குழப்பம். கடலூரில் வக்கீல் குமாஸ்தாவாகவே காலம் தள்ளிய எனக்குக் குழப்பம் இல்லை பேத்தி. போலீஸ், வக்கீல், ஜட்ஜ் எல்லோரும் அவரவர் கட்டை மூடிவிட்டுப் போன பிறகு, இந்த ஏற்பாடு மொத்தமும் எப்படி நடக்கிறது, யாரை மாட்டுகிறது, யாரை விடுகிறது என்று உட்கார்ந்து பார்க்க ஆள் கிடையாது. நம் வீட்டிலிருந்து ஒருத்தி பார்க்கட்டும்.

சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே துறை உண்டு. எங்கே இடம் கிடைத்தாலும் போ. போவதற்கு முன்னால் நம் மாவட்டத்துக் கதை ஒன்றை ஒழுங்காகத் தெரிந்துகொள்.

'ஜெய் பீம்' படத்தை நீ பார்த்திருப்பாய், 2021ல் வந்தது. படத்தில் இருளர் என்று காட்டினார்கள். உண்மையில் அந்த ராஜாகண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். விருத்தாசலம் பக்கம் முதனை கிராமம். 1993 மார்ச்சில் ஒரு நகைத் திருட்டுக்காகக் கம்மாபுரம் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. உறவுக்காரர்களையும் விடவில்லை. பிறகு "தப்பி ஓடிவிட்டார்" என்றது ஸ்டேஷன். மாவட்ட எல்லை தாண்டி மீன்சுருட்டிப் பக்கம், யாரென்று தெரியாத ஒரு பிணம் கிடந்தது. அது அவர்தான் என்று தெரியவருவதற்கே, ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவோடு அவர் மனைவி உயர் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. வழக்கை எடுத்து நடத்தியவர் வக்கீல் சந்துரு, பிறகு நீதிபதியானாரே, அவர்தான்.

இதில் உனக்கான இடத்தைச் சொல்கிறேன். ஆட்கொணர்வு மனுவில் சாதாரணமாகச் சாட்சி விசாரணை கிடையாது. மனுதாரர் ஒரு பிரமாணப் பத்திரம், போலீஸ் ஒரு பிரமாணப் பத்திரம், அதோடு சரி. "ஆள் எங்களிடம் இல்லை" என்று போலீஸ் எழுதிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. அவசரநிலைக் காலத்தில் கேரளத்தில் காணாமல் போன ராஜன் என்ற மாணவருக்காக அவருடைய தகப்பனார் ஈச்சர வாரியர் 1977ல் நடத்திய வழக்கைக் காட்டி, இதிலும் சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று கேட்டார் சந்துரு. கோர்ட்டும் விசாரித்தது. "தப்பி ஓடிவிட்டார்" என்ற இரண்டு வார்த்தை அங்கேதான் உதிர்ந்தது. போலீஸ்காரர்கள் கொலைக் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2006 ஆகிவிட்டது. பதின்மூன்று வருஷம். அதற்கு நடுவில் அந்தக் குடும்பம் எதைத் தின்றது என்பதும் உன் பாடத்தில் வரும். பாதிக்கப்பட்டோரியல் என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள்.

நகை போனதும் போலீஸ் ஜீப் ஏன் நேராக முதனைக் குறவர் வீட்டுக்குப் போனது? இந்தக் கேள்வியோடு வகுப்பில் போய் உட்கார். பதில் 1871ல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். நம் பக்கத்துக்கு அது 1911ல் வந்தது. ரேகைச் சட்டம் என்பார்கள் பழைய ஆட்கள். குறிப்பிட்ட சாதியில் பிறந்தாலே பெயர் பதிவேட்டில் ஏறும், கைரேகை உருட்டுவார்கள், ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். நம் தென்னார்க்காட்டிலேயே அஜீஸ் நகரில் இவர்களை அடைத்து வைக்க ஒரு செட்டில்மென்ட் இருந்தது. குறவரும் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள். சென்னை மாகாணத்தில் 1947ல் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். காகிதத்திலிருந்து எடுத்தது ஸ்டேஷன் புத்தியிலிருந்தும் போய்விட்டதா என்று 1993 மார்ச்சைக் கேள்.

இன்னொன்றும் கவனி. 1871ல் பிறவிக் குற்றவாளி என்று எழுதிய அதே சர்க்கார், அடுத்த வருஷம் சாட்சியச் சட்டம் எழுதியபோது, போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 25ஆம் பிரிவில் போட்டது. அடித்து வாங்குவார்கள் என்று அவனுக்கே தெரியும்! ஒரு வருஷ இடைவெளியில் எழுதிய இரண்டு புத்தியையும் நாம் வாரிசாக வாங்கிக்கொண்டோம். 2024 ஜூலை 1லிருந்து புதுச் சட்டங்கள், புது எண்கள். '420' என்று திட்டிப் பழகியவர்கள் இனி 318 என்று திட்ட வேண்டுமாம். எண்ணை மனப்பாடம் பண்ணுவது பெரிய விஷயமில்லை. எந்தப் புத்தி எந்தப் பிரிவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

சிதம்பரத்துக்கும் இதில் ஒரு நூல் ஓடுகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவருடைய சாவை விசாரிக்க நீதிபதி என்.எஸ். ராமசாமி தலைமையில் ஆணையம் போட்டார்கள். மாணவர்கள் தரப்பில் அதில் ஆஜரானவர்களில் சந்துரு ஒருவர், அப்போது வக்கீல் இல்லை. அவர் கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்து, நீ சட்டம் படி என்று சொன்னவர் அந்த நீதிபதியே. அதே பல்கலைக்கழகத்தில்தான் 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ராஜேந்திரன் என்ற மாணவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவர் சிலையைத் தாண்டித்தான் தினம் ஆயிரம் பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறார்கள், செல்பி எடுத்துக்கொண்டு. குற்றம் என்றால் திருட்டும் கொலையும் மட்டுமே என்று நினைக்கிறவர்களுக்கு, அரசாங்கத்தின் கையில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றி யோசிக்கவே தோன்றாது. உனக்குத் தோன்ற வேண்டும்.

படிக்கும்போதே கோர்ட்டுக்குப் போ. செஷன்ஸ் கோர்ட்டுக்கு வேண்டாம், அங்கே கொலை வழக்கு என்று கூட்டம் வரும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ரிமாண்டு நடக்கும் நேரத்தில் பின் பெஞ்சில் உட்கார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். கைது மெமோ எழுத வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும் என்று 1996ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. "போலீஸ் அடித்தார்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது கைதி யார் முகத்தைப் பார்த்துவிட்டு "இல்லை" என்கிறான் என்று பார். புத்தகத்தில் அது கிடைக்காது.

இப்போதெல்லாம் உங்கள் வயசுப் பிள்ளைகள் தொடர் கொலைகாரன் மனசு எப்படி வேலை செய்கிறது என்று ஆராயத்தான் ஆசைப்படுகிறார்கள். செல்போனில் பார்த்த சீரியல் செய்த வேலை. அப்படி ஒருவனை நான் என் வேலைக் காலத்தில் பார்த்ததே இல்லை. நான் பார்த்ததெல்லாம் ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் வெளியே வர முடியாத ஆட்கள். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும், சொத்து மதிப்புச் சான்று வேண்டும். கூலி வேலைக்காரனுக்கு எவன் வருவான்? 1978ல் மோதி ராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. கீழே மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து எழுதிய தீர்ப்பைப் படி. இன்றைக்கும் இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள்.

எம்.ஏ. ஆய்வுக்கு இந்த ஜாமீன் விஷயத்தை எடு. கேப்பர் மலையில் மத்திய சிறை இருக்கிறது. பாரதியாரை 1918 நவம்பரில் பிடித்துக் கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். இன்றைக்கு உள்ளே இருக்கிறவன் பெயரை யாரும் கேட்பதில்லை. ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் காட்ட முடியாதவரை ஏழை என்றே கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. முதல் தடவை மாட்டியவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு நாளை உள்ளேயே கழித்துவிட்டால் அவரை விட வேண்டும் என்று புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு சொல்கிறது, ஆயுள், தூக்குக்குரிய குற்றம் நீங்கலாக. எத்தனை பேருக்கு இது நடந்தது என்று எண்ணிச் சொல், போதும்.

சிறைக்குள் போய் ஆய்வு பண்ண அனுமதி சுலபத்தில் வராது, துறைத் தலைவர் கடிதம் வேண்டும். முதல் செமஸ்டரிலேயே எழுதிக் கொடுத்துவிடு. அது வருகிற வரைக்கும் விருத்தாசலம், சிதம்பரம், கடலூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் உட்கார்ந்து, ஜாமீன் உத்தரவுத் தேதியையும் ஆள் வெளியே வந்த தேதியையும் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே இரு.